காஞ்சிப் பேரில் ஆரணிச் சேலை

இணையத்தில் சேலை விற்கிறவர்களின் பேச்சைத் தனி இலக்கிய வகையாகவே எடுத்து வாசிக்கலாம். "வணக்கம் சிஸ்டர்ஸ்" என்று ஆரம்பிக்கும். அக்கா, டியர், செல்லம் என்று விளி கொட்டும். "நேரடி தறி விலை" வரும். விலை என்னன்னு கேட்டால் "டிஎம் பண்ணுங்க". மரியாதைச் சொல்லுக்குக் குறைச்சலே இல்லை. எந்த ஊர், எந்தத் தறி, என்ன ஜரிகை என்பது மட்டும் பெரும்பாலும் வராது. வந்தால் "ஒரிஜினல் காஞ்சிபுரம்".

ஆரணிக்காரர்களுக்கு இது உறுத்தும். இங்கே நெய்து, செய்யாறு வழியாக 60 கி.மீ. சொச்சம் போனதும் காஞ்சிபுரமாகிவிடுகிற சேலைகள் உண்டு. இணையத்துக்கு முன்னாலிருந்தே இருக்கிற வழக்கம்தான். ஆனால் கடையில் சேலையைத் திருப்பிப் பார்க்கலாம். கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலை என்றால், இரண்டும் சேரும் இடம் விரலுக்குத் தட்டுப்படும். ஃபோன் திரையில் விரலுக்குக் கண்ணாடிதான் தட்டுப்படும். விற்கிறவரின் வார்த்தையைத் தவிர வாங்குகிறவர் கையில் ஒன்றுமில்லை.

முத்திரை இருக்கிறதே என்பார்கள். இங்கேதான் நுணுக்கமான பித்தலாட்டம். 2004-ல் வந்த சில்க் மார்க், நூல் அசல் பட்டு என்பதற்கு மட்டும் சாட்சி. 2006-ல் வந்த கைத்தறி முத்திரை, கைத்தறியில் நெய்தது என்பதற்கு. ஊருக்குச் சாட்சி புவிசார் குறியீடு. காஞ்சிபுரம் பட்டுக்கும் இருக்கிறது, ஆரணிப் பட்டுக்கும் தனியாக இருக்கிறது. மூன்று கேள்வி, மூன்று பதில். வீடியோவில் சில்க் மார்க் சீட்டைக் காட்டிக்கொண்டே "அசல் காஞ்சிபுரம்" என்கிறார்கள். சீட்டு பொய்யில்லை, சேலையும் பட்டுதான். கேட்காத கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லி, கேட்ட கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்கள் தொழிலில், ஒரு டெஸ்ட் பாஸ் ஆனதைக் காட்டி மொத்த மென்பொருளும் சரி என்று சொல்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அதே சாமர்த்தியம்.

சட்டம் இல்லாமல் இல்லை. பொய்யான புவிசார் குறியீடு போட்டு விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது 1999-ம் ஆண்டுச் சட்டம். விற்பனையாளர் தானே வாடிக்கையாளர் மாதிரி விமர்சனம் எழுதக் கூடாது என்கின்றன 2020-ன் இ-காமர்ஸ் விதிகள். கமெண்டில் வரிசையாக வரும் "சூப்பர் குவாலிட்டி சிஸ்" எல்லாவற்றையும் யார் எழுதினார்கள் என்று யார் போய்ப் பார்ப்பது?

எதிர்ப்பக்கமும் யோக்கியம் இல்லை. ஒரு கேள்விகூடக் கேட்காமல் "ஃபிராடு" என்று எழுதிவிட்டு நகர்கிறவர்கள் உண்டு. ஒருவர் போட்ட டிசைனை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, "இதையே கம்மியா நெய்து தருவீங்களா அண்ணா" என்று இன்னொருவருக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. அண்ணா என்று கூப்பிட்டதால் அது மரியாதை ஆகிவிடாது.

"ஆரணி. கைத்தறி. கோர்வை இல்லை. இமிடேஷன் ஜரிகை." இத்தோடு எடையையும் விலையையும் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதி, "டியர்" இல்லாமல் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். லைக் குறைவாகத்தான் விழுகிறது. ஆரணி என்று சொன்னதும் "அப்போ காஞ்சிபுரம் இல்லையா, விலையைக் குறைங்க" என்று கேட்கிறார்கள். பொய் சொல்லாததற்குத் தள்ளுபடி கேட்கிற வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு, விற்கிறவரை மட்டும் எத்தனை நாள் திட்டுவது?