பன்னிரண்டு கட்டில்கள்

விவான் சுந்தரம் 2005இல் செய்த ‘12 பெட் வார்டு’ படைப்பை நான் லேப்டாப் திரையில்தான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள். மெத்தை இருக்கவேண்டிய இடத்தில் பழைய செருப்பு, ஷூக்களின் சோல்கள் கோத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. மேலே வெற்று பல்புகள். தலைப்பு ஆஸ்பத்திரி வார்டு என்கிறது. மங்காஃபில் இருந்து பார்க்கிறவனுக்கு அது ‘பெட் ஸ்பேஸ்’.

2024 ஜூன் 12 அதிகாலை இங்கே தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்து, தமிழர்கள் உட்பட 40க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டில்களை வேறுவிதமாகப் பார்க்க முடியவில்லை.

கழிவிலிருந்து செய்யும் கலையில் எனக்கொரு சந்தேகம் உண்டு: அழகு சீக்கிரம் வந்துவிடுகிறது. அவருடைய ‘ட்ராஷ்’ (2008) படங்களில் குப்பை ஒரு நகரமாக விரிகிறது. கண் அந்த வடிவில் லயித்து, பொறுக்கிய கையை மறந்துவிடுகிறது. கட்டில்களில் அப்படி நடப்பதில்லை. தேய்ந்த சோலில் நடந்தவனின் எடை இருக்கிறது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அவர்களுக்குப் பெயரில்லை என்பதே இங்கே உருக்கமாகிறது. எங்கள் பக்கத்து அறைகளில், ஊருக்குப் போகக் கட்டிவைத்த அட்டைப்பெட்டியில் பெயர், ஊர், விமான நிலையம் எல்லாம் மார்க்கரில் கொட்டை எழுத்தில் இருக்கும். சுந்தரத்தின் வார்டில் அப்படி ஒரு பெட்டி இல்லை.