மௌனத்தின் இயல்மதிப்பு: மெய்நிகர் மேசைத்தள உள்ளடக்கத் தொகுதிகளில் எச்சம்

ஆய்வுச்சுருக்கம்

பாத்திரமேற்பு விளையாட்டுக்கென அச்சில் வந்த சாகசத் தொகுதிகள், ஆட்ட நடத்துநர் நிரப்பிக்கொள்ள வேண்டிய வெற்றிடங்களைத் தம்முள் கொண்டவை. அவற்றை மெய்நிகர் மேசைத்தள மென்பொருளுக்குரிய உள்ளடக்கத் தொகுதிகளாக ஆக்கும்போது அவ்வெற்றிடங்கள் எந்நிலை அடைகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சில் சொல்லாமல் விடுவது எளிது; மென்பொருளில் சொல்லாமல் விட்ட இடத்தை இயல்மதிப்புகள் நிரப்பிவிடுகின்றன. ஆகவே இவ்வகைத் தொகுதியை எழுதுவோர் மௌனத்தையும் திட்டமிட்டு ஆக்கவேண்டியவர் ஆகிறார் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, மெய்நிகர் மேசைத்தளம், உள்ளடக்கத் தொகுதி, எச்சம், ஆட்ட நடத்துநர், இயல்மதிப்பு.

முன்னுரை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கி 1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பாத்திரமேற்பு விளையாட்டு என்னும் வகைக்குத் தொடக்கமாக அமைந்தது. ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் அமர்கின்றனர். ஒருவர் ஆட்ட நடத்துநராகி உலகத்தை விவரிக்கிறார். ஏனையோர் அவ்வுலகின் மாந்தராகித் தம் செயலைச் சொல்கின்றனர். ஐயத்துக்குரிய செயல்களின் விளைவைப் பகடை முடிவு செய்கிறது. நடத்துநருக்குத் துணையாக அறைகள், எதிரிகள், புதையல்கள், நிகழ்வுகள் ஆகியவற்றை வரைபடத்துடன் தரும் நூலே தொகுதி எனப்பட்டது.

இன்று இவ்விளையாட்டு இணையவழியிலும் ஆடப்படுகிறது. 2004-இல் ஃபேன்டசி கிரவுண்ட்ஸ், 2012-இல் ரோல்20, 2020-இல் ஃபவுண்டரி என மெய்நிகர் மேசைத்தள மென்பொருள்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. பயனரே தமக்கென உள்ளடக்கத் தொகுதிகளை ஆக்கிக்கொள்ளவும் இவற்றில் வழியுண்டு. இம்முயற்சி பெரும்பாலும் தொழில்நுட்பச் செய்முறையாகவே விளக்கப்படுகிறது. பனுவலாக்கம் என்னும் நோக்கில் அதனை அணுகும்போது, எழுதியவருக்கும் நடத்துநருக்கும் இடையிலான உறவு மாறுவதைக் காணலாம்.

இங்கு இரண்டு திறனாய்வுக் கருத்துகள் கருவியாகக் கொள்ளப்படுகின்றன. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் எச்சமும் ஒன்று. சொல்லாலோ குறிப்பாலோ நிறைவு பெறவேண்டிய எஞ்சுபொருளை அது சுட்டுகிறது. கேட்போர் என்பதும் அவ்வுறுப்புகளுள் ஒன்றாகத் தனித்து எண்ணப்பட்டுள்ளது. வாசகர் நிரப்பும் இடைவெளிகளாலேயே பனுவல் பொருள்கொள்கிறது என்பது ஜெர்மானியத் திறனாய்வாளர் வொல்ஃப்காங் ஈசரின் கோட்பாடு. இவை இரண்டும் செய்யுளுக்கும் புனைகதைக்கும் வகுக்கப்பட்டவை. விளையாட்டுத் தொகுதிக்கு அவற்றைப் பொருத்தும்போது ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும்: இங்கே இடைவெளியை நிரப்பும் வாசகர் தமக்காக மட்டும் நிரப்புவதில்லை, அப்பனுவலைக் கண்ணால் காணாத பிறருக்காகவும் நிரப்புகிறார்.

அச்சுத் தொகுதியில் வெற்றிடம்

வெற்றிடத்தைத் தன் அமைப்பாகவே கொண்ட தொகுதிக்குச் சிறந்த சான்று, மைக் கார் எழுதி 1970-களின் இறுதியில் வெளிவந்த 'இன் சர்ச் ஆஃப் தி அன்னோன்'. தொடக்கநிலை நடத்துநருக்கென எழுதப்பட்ட இந்நூல் ஒரு நிலவறைக் கோட்டையின் அறைகளை விரிவாக விவரிக்கிறது. ஆனால் அறைகளில் உள்ள எதிரி எது, புதையல் எது என்பதற்கான இடங்கள் வெறுங்கோடுகளாக விடப்பட்டுள்ளன. நூலின் பிற்பகுதியில் தரப்பட்ட பட்டியல்களிலிருந்து தேர்ந்து நடத்துநரே அவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். எல்லா அறைகளையும் நிரப்ப வேண்டியதில்லை. வெறுமையாக விடுவதும் தேர்வே.

இவ்வமைப்பில் நடத்துநர் எழுதுகோலுடன் பனுவலுக்குள் நுழைகிறார். பூட்டிய அறையில் யாரை வைப்பது, ஏன் அவர் அங்கே இருக்கிறார், அவர் காக்கும் பொருள் என்ன என்பவற்றை அவரே எண்ணிப்பார்க்கிறார். அறை விவரிப்பில் உள்ள சிறு குறிப்பு ஒன்று அவர் தேர்ந்த எதிரியோடு இயைந்து புதிய கதையொன்றுக்கு வித்தாகிறது. எச்சம் இங்கே குறைபாடு ஆவதில்லை, பயிற்சியாகிறது.

அச்சுத் தொகுதி கேட்போரை இருவகையாகப் பிரித்தது என்பதும் கருதத்தக்கது. 1978-இல் வெளியான 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' தொகுதியில், குறிப்பிட்ட இடங்களை மாந்தர் அடையும்போது ஆட்டக்காரருக்குக் காட்டுவதற்கெனத் தனிப் படச்சுவடி இணைக்கப்பட்டிருந்தது. நடத்துநர் அறியும் பகுதியும் ஆட்டக்காரர் அறியும் பகுதியும் வெவ்வேறு. எதை எப்போது வெளிப்படுத்துவது என்னும் காலத்தெரிவு நடத்துநரிடமே இருந்தது.

மென்பொருள் கேட்கும் விடைகள்

ஃபவுண்டரி மென்பொருளில் உள்ளடக்கத் தொகுதி என்பது ஒரு கோப்புறை. பெயர், பதிப்பு, பொருந்தும் மென்பொருள் பதிப்பு, உள்ளடங்கிய தொகுப்பேடுகள் ஆகியவற்றை ஜேசன் வடிவில் கூறும் விவரக்கோப்பு அதன் முகப்பு. தொகுப்பேடுகளுக்குள் மாந்தர், பொருள்கள், காட்சிகள், குறிப்பேட்டுப் பக்கங்கள், பகடை அட்டவணைகள் முதலியன வைக்கப்படுகின்றன. இவற்றுள் காட்சியே அச்சு வரைபடத்திலிருந்து மிகவும் வேறுபடுவது. வரைபடத்தின் மீது சுவர்கள் கோடுகளாக வரையப்படுகின்றன; ஒவ்வொரு சுவரும் நடமாட்டம், பார்வை, ஒளி, ஒலி ஆகியவற்றைத் தடுக்குமா என வரையறுக்கப்படுகிறது. கதவு சாதாரணமானதா மறைவானதா, திறந்துள்ளதா மூடியுள்ளதா பூட்டியுள்ளதா என்பதும் குறிக்கப்படுகிறது. விளக்குகளின் வீச்சு அளவிட்டு அமைக்கப்படுகிறது.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிப்படி ஒரு தீப்பந்தம் 20 அடிக்கு முழு ஒளியும் அதற்கப்பால் மேலும் 20 அடிக்கு மங்கிய ஒளியும் தருகிறது. மேசையைச் சுற்றி ஆடும்போது இவ்விதி பெரும்பாலும் நடத்துநரின் சொல்லில் கரைந்துவிடும்; தூணுக்குப் பின்னால் ஏதோ அசைவதுபோல் தெரிகிறது என்று அவர் சொன்னால் போதும். திரையிலோ ஒவ்வொரு ஆட்டக்காரரின் காயும் எதைக் காண்கிறது என்பதை மென்பொருளே கணித்துக் காட்டுகிறது. 'ஏதோ அசைவதுபோல்' என்னும் ஐயநிலைக்கு அக்கணிப்பில் இடமில்லை. காய் தெரியும், அல்லது தெரியாது.

அச்சுநூல் ஓர் அறையின் ஒளியைப் பற்றி எதுவும் கூறவில்லை எனில், அந்த வினா திறந்தே நிற்கும். அதே அறை காட்சியாக்கப்பட்டு, காய்களின் பார்வைக்கணிப்பு இயங்கும் நிலையில், எழுதுவோர் விளக்கு எதனையும் வைக்காது, பொது ஒளியையும் இயக்காது விட்டால், இருளில் காணும் திறனற்ற மாந்தருக்கு அவ்வறை இருளாகவே தோன்றும். கதவின் நிலையைக் குறிப்பிடாது விட்டால் அது மூடிய கதவாகவே அமையும். எழுதுவோர் பேசாத இடத்தில் இயல்மதிப்பு பேசுகிறது. அதன் கூற்றை ஆட்டக்காரர் எழுதுவோரின் கூற்றாகவே கொள்கின்றனர்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். வெற்றிடத்தை நிரப்புவது நடத்துநருக்குச் சுமை. அதனை மென்பொருள் நீக்குவது நன்மையே என்பது அம்மறுப்பு. சுவர்களை வரைவதும் விளக்குகளை அமைப்பதும் பல மணிநேரம் கொள்ளும் பணி என்பது உண்மை. எனினும் சுமைகள் இரு வகையின. கதவின் இடத்தை அளந்து குறிப்பது உழைப்பு. கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என எண்ணுவது ஆக்கம். முன்னதை நீக்கும் தொகுதி நடத்துநருக்கு உதவுகிறது. பின்னதையும் சேர்த்து நீக்கும் தொகுதி அவரை இயக்குபவராக மட்டும் ஆக்கிவிடுகிறது.

ஆக்கப்படும் மௌனம்

மென்பொருளிலும் மௌனத்தை ஆக்க இயலும். அதற்குரிய கருவிகளும் உள்ளன. குறிப்பேட்டுப் பக்கத்தில் ஒரு பத்தியை மறைபகுதியாகக் குறித்தால், அப்பக்கம் ஆட்டக்காரருக்குக் காட்டப்படும்போதும் அப்பத்தி அவர்களுக்குத் தெரியாது. நடத்துநர் விரும்பும்போது வெளிப்படுத்தலாம். காட்சியில் வைத்த காயையும் மறைநிலையில் வைக்கலாம். அச்சுநூலின் படச்சுவடி செய்த பணியை இவை தொடர்கின்றன. கேட்போர் பிரிவு இங்கு நன்கு காக்கப்படுகிறது.

ஆனால் மறைத்தலும் எச்சமும் ஒன்றல்ல. மறைபகுதியில் விடை எழுதப்பட்டுவிட்டது. நடத்துநர் அதனை அறிவார். மைக் காரின் வெறுங்கோட்டில் விடையே இல்லை. இவ்வேறுபாட்டைப் பகடை அட்டவணை மேலும் தெளிவாக்குகிறது. வெற்றிடம் ஒன்றை மென்பொருளுக்கு மாற்றுவோர், பட்டியலிலுள்ள எதிரிகளைப் பகடை அட்டவணையாக்கி, ஒரு சொடுக்கில் ஒன்று வருமாறு செய்யக்கூடும். அப்போது வெற்றிடம் காக்கப்பட்டதுபோல் தோன்றும். உண்மையில் நடத்துநரின் தெரிவு தற்செயலால் இடம்பெயர்க்கப்பட்டுள்ளது. ஏன் இந்த எதிரி இந்த அறையில் என்னும் வினாவைப் பகடை எழுப்புவதில்லை.

எச்சத்தைக் காக்கும் ஆக்கம் வேறுவிதமாக அமையும். சுவர், கதவு, அளவு ஆகியன முடிக்கப்பட்டிருக்கும்; எதிரிகள் தொகுப்பேட்டில் ஆயத்தமாக இருந்தும் காட்சியில் வைக்கப்பட்டிரா. அறைக்குரிய குறிப்பேட்டுப் பக்கம் அங்குள்ள தடயங்களை விவரித்து, பொருந்தக்கூடிய இரண்டு மூன்று மாந்தருக்கு இணைப்புத் தந்து, முடிவை நடத்துநரிடம் விட்டு நிற்கும். அவர் அவ்விணைப்புகளுள் ஒன்றைக் காட்சிக்குள் இழுத்து வைக்கும் செயல், வெறுங்கோட்டில் எழுதும் செயலுக்கு நிகராகிறது. இத்தகைய தொகுதி முதற்பார்வைக்கு முற்றுப்பெறாததுபோல் தோன்றக்கூடும். ஆகவே எது வேண்டுமென்றே விடப்பட்டது என்பதைத் தொகுதியே வெளிப்படச் சொல்லவேண்டும். அச்சில் வெறுங்கோடு அதனைச் சொன்னது. திரையில் ஒரு வாக்கியம் சொல்லவேண்டியுள்ளது.

மென்பொருளின் படியெடுப்பு முறையும் இங்குத் துணைசெய்கிறது. தொகுப்பேட்டிலுள்ள காட்சியை நடத்துநர் தம் ஆட்டவுலகிற்குள் கொணரும்போது ஒரு தனிப்படி உருவாகிறது. அவர் செய்யும் திருத்தம் அப்படியில் நிகழ்கிறது. தொகுதியின் புதிய பதிப்பு பின்னர் நிறுவப்பட்டாலும் அத்தனிப்படி மாறுவதில்லை. எழுதியவரின் பனுவலும் நடத்துநரின் பனுவலும் அருகருகே நிலைபெறுகின்றன.

நிரப்பும் உரிமை

வெற்றிடத்தை நிரப்பும் ஆற்றல் மட்டுமன்றி, நிரப்பியதைப் பகிரும் உரிமையும் இதனுள் அடங்கும். 2000-ஆம் ஆண்டில் வெளியான திறந்த விளையாட்டு உரிமம், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அடிப்படை விதிகளைப் பிறர் தம் படைப்புகளில் கையாள வழிவகுத்தது. 2023-இன் தொடக்கத்தில் அவ்வுரிமத்தை மாற்ற விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் முனைந்தது. ஆட்டக்காரரும் சிறு பதிப்பாளரும் கடுமையாக எதிர்த்தனர். அவ்வாண்டு ஜனவரி 27 அன்று, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதி ஆவணம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்படுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஆக்கியோர் பெயரைச் சுட்டினால் அவ்வாவணத்தின் உள்ளடக்கத்தை எவரும் தம் தொகுதியில் சேர்க்கலாம்.

வெளியிடப்பட்ட சாகசநூல்களின் உரையும் வரைபடங்களும் இவ்வுரிமத்துக்குள் வாரா. எனவே பிறர்க்கு வழங்கும் நோக்கில் தனிப்பயன் தொகுதி ஆக்குவோர் விதி, மந்திரம், பொது எதிரிகள் ஆகியவற்றைத் திறந்த ஆவணத்திலிருந்து கொண்டு, இடத்தையும் கதையையும் தாமே ஆக்கவேண்டியவர் ஆகின்றனர். அச்சுநூலின் கோடிட்ட இடத்தை நிரப்பிய நடத்துநர், அக்கோட்டைச் சுற்றியுள்ள பனுவலையும் எழுதும் நிலைக்கு இவ்வாறு நகர்கிறார்.

முடிவுரை

மெய்நிகர் மேசைத்தளம் எச்சத்தை அழிக்கிறது எனக் கூறுவது மிகை. அச்சில் இயல்பாக அமைந்த எச்சத்தை அது முயன்று ஆக்கவேண்டிய ஒன்றாக மாற்றுகிறது. ஆதலால் உள்ளடக்கத் தொகுதிகளை மதிப்பிடும் திறனாய்வு, காட்சிகளின் எண்ணிக்கையையும் தானியக்கத்தின் செறிவையும் மட்டும் அளவுகோலாகக் கொள்ளலாகாது. எழுதுவோர் விடையளித்த வினாக்கள் எவை, இயல்மதிப்பிடம் விட்ட வினாக்கள் எவை, நடத்துநருக்கென விட்டுவைத்த வினாக்கள் எவை என்னும் மூன்றையும் பிரித்தறிய வேண்டும். இரண்டாவது வகை குறைந்து மூன்றாவது வகை தெளிவாக அமைந்த தொகுதியே ஆட்ட நடத்துநரை உடன்படைப்பாளராக மதிக்கும் தொகுதி.