எச்சரிக்கை வந்தது, யார் இறங்குவது?

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் ராணுவச் சாவடியைப் பனிச்சரிவு மூடியது. புதைந்த பத்துப் பேரில் ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டம் குடிசாதனப்பள்ளிக்காரர். ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று தில்லியில் இறந்தார். பனியே விழாத நம் மாவட்டத்துக்கும் பனிச்சரிவுக் கணிப்பில் அக்கறை கொள்ள இப்படியொரு காரணம் உண்டு.

கணிப்பு முறையில் குறை சொல்ல முடியாத பகுதி அதன் எளிமை. சரிவில் குழி வெட்டி, பனி அடுக்கடுக்காகப் படிந்திருப்பதைப் பார்க்கிறார்கள். தனியே செதுக்கிய பனித்தூணின் மேல் மண்வாரியை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. முதல் சில தட்டுகளிலேயே தூண் வழுக்கி உடைந்தால் உள்ளே பலவீனமான அடுக்கு இருக்கிறது. 30 முதல் 45 பாகைச் சரிவுகளில் இது உயிர் காக்கும் தகவல்.

ஆனால் குழி சொல்வது அந்த இடத்தின் நிலையை மட்டும். சற்றுத் தள்ளி, காற்று குவித்த பனி வேறு மாதிரி இருக்கும். சோனத்திலோ இடிந்து விழுந்தது பனிச்சுவர். அடுக்குகளைத் தட்டிப் பார்க்கும் சோதனைக்கு அது அகப்படாது. ஐந்து நிலை அபாய அளவுகோலிலும் சிக்கல் உண்டு. சுவிட்சர்லாந்தில் ஏறக்குறைய பாதி உயிரிழப்பு மூன்றாம் நிலையில்தான் நேர்கிறது. ஐந்தில் மூன்று என்றதும் நடுவாந்தரம்தான், போகலாம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

இவற்றைவிடப் பெரிய ஓட்டை கணிப்புக்கு வெளியே இருக்கிறது. 2025 பிப்ரவரி 27 மாலை, சமோலி உள்ளிட்ட உத்தராகண்ட் மாவட்டங்களுக்குச் சண்டிகரின் பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. மறுநாள் காலை சமோலியின் மாணா அருகே சாலைத் தொழிலாளர் முகாம் புதைந்தது. சிக்கிய 54 பேரில் 8 பேர் இறந்தனர். கணிப்பு பலித்தது, முகாம் காலியாகவில்லை.

மலையேற்றத்துக்குப் போகும் ஓசூர் இளைஞர் அறிக்கையைப் பார்த்துத் திரும்பிவிடலாம். சிப்பாயும் கூலித் தொழிலாளியும் உத்தரவில்லாமல் நகர முடியாது. ஓசூர் ஆலையில் பிரஸ் மெஷினை ஓட்டுபவர் ஆபத்து என்று கண்டால் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுவார். சூப்பர்வைசரிடம் கேட்டு நிற்பதில்லை. மலை முகாமுக்கும் அந்த உரிமை வேண்டும்: எந்த நிலை அறிவிக்கப்பட்டால் யார் சொல்லி முகாம் காலியாகும் என்பது பனி விழுமுன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.