வாங்குபவரும் உழைப்பவரும்: அரசியல் நுகர்வு ஆய்வுகளில் அடிமைமுறை

கடைத்தெருவில் ஒரு பொருளை வாங்குவதும் வாங்க மறுப்பதும் அரசியல் செயலாகக் கூடும் என்னும் கருத்தைச் சுற்றி, மேலைப் பல்கலைக்கழகங்களில் கடந்த கால் நூற்றாண்டில் தனியோர் ஆய்வுத்துறை வளர்ந்துள்ளது. மிஷேல் மிக்கெலெட்டி 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும், அவர் டீட்லிண்ட் ஸ்டோல்லேயுடன் இணைந்து 2013-ஆம் ஆண்டில் எழுதிய நூலும் இத்துறையின் அடிப்படை நூல்களாகக் கருதப்படுகின்றன. ஏற்க இயலாத உற்பத்தி முறைகளையும் சந்தை நடைமுறைகளையும் மாற்றும் நோக்குடன் பொருளையோ உற்பத்தியாளரையோ தேர்ந்தெடுப்பதை இவர்கள் ‘அரசியல் நுகர்வு’ என்கின்றனர். புறக்கணித்தல் அதன் ஒரு பக்கம். நன்முறையில் விளைந்தது எனச் சான்று பெற்ற பொருளைத் தேடி வாங்குதல் மறுபக்கம். இன்றைய அடிமைமுறைக்கு எதிரான இயக்கங்களை ஆராய்வோரும் இக்கருத்தாக்கத்தை எடுத்தாளுகின்றனர். இவ்வாய்வுகளில் வாங்குபவர் எங்கே நிற்கிறார் என்பது தெளிவாகத் தெரிகிறது. உழைப்பவர் எங்கே நிற்கிறார் என்பதே நாம் ஈண்டு எழுப்ப விரும்பும் வினா. தோட்டப்புற வரலாற்றைக் கற்பிக்கும் கடமையுடைய நமக்கு இவ்வினா அயலானதன்று.

இத்துறையினர் தம் முன்னோடியாகச் சுட்டும் நிகழ்ச்சிகளுள் ஒன்று, பிரித்தானியாவில் 1791-ஆம் ஆண்டில் எழுந்த சீனிப் புறக்கணிப்பாகும். மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்த சீனியையும் ரம் மதுவையும் விலக்குமாறு வேண்டி, வில்லியம் ஃபாக்ஸ் என்பார் அவ்வாண்டில் ஒரு சிறுநூலை வெளியிட்டார். வாரத்திற்கு ஐந்து பவுண்டு சீனியும் அதற்கேற்ற அளவில் ரம்மும் பயன்படுத்தும் குடும்பம் ஒன்று, இருபத்தொரு மாதங்கள் அவற்றைத் தவிர்த்தால் ஒரு மனிதர் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஏறத்தாழ 300,000 பேர் அச்சீனியைக் கைவிட்டதாகத் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். வாக்குரிமையற்ற பெண்கள் அடுக்களை வழியாக அரசியலுக்குள் நுழைந்த வரலாற்றைக் கிளேர் மிட்ஜ்லி 1992-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார். படிப்படியான விடுதலை வேண்டா, உடனடி விடுதலையே வேண்டும் என்று 1824-இல் வாதிட்ட எலிசபெத் ஹேரிக், புறக்கணிப்பை மீண்டும் உயிர்ப்பிக்க முயன்றவருமாவார். இவற்றின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் ஃபாக்ஸின் கணக்கு கூர்ந்து நோக்கத்தக்கது. அக்கணக்கில் எண்ணப்படுவது வாங்குபவர் மேசையிலுள்ள சீனி; எடுத்துரைக்கப்படுவது அவருடைய மனச்சான்று. அடிமைப்பட்டவரோ கணக்கின் முடிவில் வரும் விடை மட்டுமே. தம் விடுதலைக்குத் தாமே எதுவும் செய்யாதவராக அவர் அங்கு அமைந்துவிடுகிறார். ஆனால் அதே 1791-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சான் தொமிங் என்னும் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து கரும்புத் தோட்டங்களுக்குத் தீயிட்டனர். அக்கிளர்ச்சியின் தொடர்ச்சியாக 1804-இல் ஹைட்டி என்னும் விடுதலை நாடு பிறந்தது. சீனியைத் துறந்த இலண்டன் குடும்பமும் கரும்புக்காட்டை எரித்த அடிமையும் ஒரே காலத்தவர். முன்னவரைத் தொடக்கமாகக் கொண்டு எழுதப்படும் வரலாற்றில் பின்னவருக்கு இடம் கிடைப்பது அரிது.

இரண்டாவது குறை நம்மோடு நேரடியாகத் தொடர்புடையது. மேற்கிந்தியச் சீனிக்கு மாற்றாகக் கிழக்கிந்தியச் சீனி பரிந்துரைக்கப்பட்டது. ‘அடிமைகளால் ஆக்கப்படாதது’ என்னும் பொருள்பட வாசகம் பொறித்த சீனிக் கிண்ணங்கள் 1820-களில் ஆங்கில இல்லங்களை அலங்கரித்தன. அச்சீனி பெரும்பாலும் வங்காளத்திலிருந்து சென்றது; தமிழகத்துப் பண்ணையாட்களின் கையால் ஆனதன்று. எனினும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளில் அடிமைமுறை நிலவியது. சென்னை மாகாணத்தில் வேளாண் அடிமைமுறை சாதியோடு பிணைந்திருந்ததைத் தர்மா குமார் 1965-இலேயே எடுத்துக்காட்டினார். பிரித்தானிய நாடாளுமன்றம் 1833-இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளையும் இலங்கையையும் விலக்கி வைத்தது. இந்தியாவுக்கான சட்டம் 1843-இல்தான் வந்தது. ஒழிப்பு இயக்கத்தாரின் கண்கள் இந்தியாவை நோக்கியபோது எதைக் கண்டன, எதைக் காணாது விட்டன என்பதை ஆன்றியா மேஜர் 2012-இல் வெளியிட்ட நூல் நன்கு ஆராய்கிறது. அரசியல் நுகர்வு பற்றி எழுதுவோர் அதனை அவசியம் கற்றல் வேண்டும்.

அடிமைகள் விடுவிக்கப்பட்டபின் மொரிசியசின் கரும்புத் தோட்டங்களுக்கும், அன்று வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்ட செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோருள் தமிழர் பலர். இம்முறையை ‘ஒரு புதிய அடிமைமுறை’ என்றே ஹியூ டிங்கர் 1974-இல் வெளிவந்த தம் நூலுக்குத் தலைப்பிட்டார். வாங்குபவரின் மனச்சான்று அமைதியடைந்தபின் தோட்டத்தில் என்ன நடந்தது என்பதற்கு நம் முன்னோரே சான்று.

இன்றைய நிலைக்கு வருவோம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் அதன் இணை அமைப்புகளும் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021-இல் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தோர் 2 கோடியே 80 இலட்சம் பேர். இத்தகையோரின் நிலையைக் குறிக்கும் ‘நவீன அடிமைத்தனம்’ என்னும் தொடரைக் கெவின் பேல்ஸின் 1999-ஆம் ஆண்டு நூல் பரவலாக்கியது. ஜூலியா ஓ’கானல் டேவிட்சன் போன்றோர் அத்தொடரையே ஐயுறுகின்றனர். இங்கே மொழி பற்றிய ஒரு குறிப்பு. இந்தியாவின் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசுகையில் தமிழில் ‘கொத்தடிமை’ என்கிறோம். அச்சொல் கடனையும் கடன் கொடுத்தவரையும் உடன் நினைவூட்டுகிறது. ‘நவீன அடிமைத்தனம்’ என்பதில் அடிமைப்பட்டவர் இருக்கிறார், அடிமைப்படுத்தியவர் மறைந்துவிடுகிறார். மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருத்திற் கொள்வது நன்று.

மலேசியக் கையுறைத் தொழில் இவ்வாய்வுத்துறைக்கு ஓர் உரைகல் எனலாம். நாட்டின் மிகப் பெரிய கையுறை நிறுவனத்தின் துணை நிறுவனங்கள் தயாரித்த பொருள்களை அமெரிக்கச் சுங்கத்துறை 2020 ஜூலையில் தடுத்து நிறுத்தியது. அத்தடை 2021 செப்டம்பரில் நீக்கப்பட்டது. இதற்கிடையே, வேலைக்காகத் தரகர்களிடம் கடன்பட்டு வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்க்குப் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட தொகை திருப்பித் தரப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் எந்தத் தாதியும் கையுறையைப் புறக்கணித்திருக்க முடியாது. தொகையைப் பெற்றுத் தந்தது நுகர்வோரின் தேர்வன்று. 1930-ஆம் ஆண்டு அமெரிக்கச் சுங்கவரிச் சட்டத்தின் 307-ஆம் பிரிவு. அப்பிரிவிலும் ஒரு விலக்கு இருந்தது: உள்நாட்டு உற்பத்தி நுகர்வுத் தேவைக்குப் போதாதெனில், கட்டாய உழைப்பில் விளைந்த பொருளையும் இறக்குமதி செய்யலாம். அவ்விலக்கு 2016-இல்தான் நீக்கப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டமே நுகர்வோரின் தேவையை உழைப்பவரின் விடுதலைக்கு மேலாக வைத்திருந்தது என்பதை அரசியல் நுகர்வுக் கோட்பாடு எங்ஙனம் விளக்கும்?

தமிழகத்து நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’ மற்றொரு சான்று. இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, ஏறத்தாழ மூன்றாண்டுகள் உழைத்தபின் திருமணச் செலவுக்கென ஒரு தொகை தருவதாகக் கூறும் முறை இது. நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு 2011-இல் வெளியிட்ட அறிக்கைக்குப்பின் ஐரோப்பிய ஆடை நிறுவனங்கள் விழித்துக்கொண்டன, தணிக்கைகள் பெருகின. தணிக்கையும் சான்றிதழும் நிறுவனத்தின் பெயரைக் காக்கும் அளவிற்குத் தொழிலாளரைக் காப்பதில்லை என ஜெனிவீவ் லெபாரன் 2020-இல் எழுதியிருப்பது நமக்கு உடன்பாடே.

2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் இவற்றினின்று வேறுபட்டது. இளம் ஆடைத் தொழிலாளி ஒருவர் 2021 சனவரியில் கொலையுண்டதை அடுத்துப் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம் ஒன்று போராடிப் பெற்ற உடன்பாடு அது. பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் வன்முறையையும் சாதிய ஒடுக்குமுறையையும் தடுக்கும் பொறுப்பு அதில் தொழிலாளர் கையிலேயே தரப்பட்டுள்ளது. பன்னாட்டு விற்பனை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்பட்டுள்ளன. இங்கு நுகர்வோருக்கு அஞ்சிய நிறுவனம் உண்டு. ஆனால் அவ்வச்சத்தைக் கருவியாக்கியவர் உழைப்பவர். இத்துறையின் பெருந்தொகுப்பான ஆக்ஸ்ஃபோர்டு கையேடு 2019-இலேயே வெளிவந்துவிட்டமையால் இந்நிகழ்வு அதில் இடம்பெறவில்லை.

அவ்வொப்பந்தத்தை உருவாக்கிய பெண்களிடம் அவர்தம் மொழியிலேயே வினவக்கூடிய ஆய்வாளர்கள் நம் துறைகளில் உள்ளனர். கையுறை ஆலைகளில் உழைத்த நேப்பாளியரிடமும் வங்கதேசத்தவரிடமும் அவ்வாறு வினவக்கூடியோர் நம்மிடையே மிகச் சிலரே.