நாலாவது புகைபோக்கி

'டைட்டானிக்' படம் பார்த்திருப்பீர்கள். ஜாக், ரோஸ், கப்பலின் மூக்கில் நின்று கை விரித்தது எல்லாம் ஞாபகம் இருக்கும். கப்பலுக்கு எத்தனை புகைபோக்கி என்று கேட்டால்? நாலு. சரி, பாய்லர் புகை எத்தனையில் வரும்? மூன்றில்தான். கடைசியில் இருக்கிற நாலாவதற்கும் பாய்லருக்கும் சம்பந்தமே கிடையாது. எஞ்சின் அறைக்கும் சமையல்கட்டுக்கும் காற்றுப்போக்கியாகக் கொஞ்சம் பயன்பட்டது. மற்றபடி சும்மா, ஒரு கெத்துக்கு!

ஏன் இந்த வேஷம்? 1907-ல் போட்டிக் கம்பெனியான கூனார்ட், லூசிடானியா, மாரிடேனியா என்று இரண்டு கப்பல்களை விட்டது. இரண்டுக்கும் நாலு நாலு புகைபோக்கி, நாலும் நிஜம். புகைபோக்கி அதிகம் என்றால் வேகம் அதிகம், பலம் அதிகம் என்று அன்றைய ஜனம் நினைத்தது. ஒயிட் ஸ்டார் கம்பெனிக்கு அவ்வளவு வேகம் தேவைப்படவில்லை, மூன்றே போதும். ஆனால் போஸ்டரில் மூன்று நின்றால் இளைத்த மாதிரி தெரியுமே! ஒன்றை ஒட்டவைத்துவிட்டார்கள்.

சினிமாவை, நாவலை விமர்சிக்கிறோம். கப்பலை விமர்சித்தால் என்ன? அதுவும் யாரோ யோசித்து, வரைந்து, கட்டியதுதானே. ஒரு படத்தில் ஓட்டை இருந்தால் நூறு ரூபாய் போச்சு. கப்பலில் ஓட்டை இருந்தால் என்ன போகும் என்று உங்களுக்கே தெரியும்.

கப்பல் விமர்சனத்தில் எனக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. சண்டிகரை வடிவமைத்த லெ கார்பூசியே 1923-ல் எழுதிய கட்டடக்கலைப் புத்தகத்தில் கப்பல்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அக்விடேனியா கப்பலின் படத்தைப் போட்டு, 'வீடு கட்டுகிறவர்களே, இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்' என்கிற தோரணையில் பிளந்துகட்டினார். வீண் அலங்காரம் இல்லை, ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் இருக்கிறது என்பது அவர் கட்சி.

பாதிதான் சரி. அவர் பார்த்தது வெளிப்புறத்தை. அதே அக்விடேனியாவின் உள்ளே போனால், இத்தாலிய மாளிகை பாணியில் ஒரு லவுஞ்ச், பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து பாணியில் சுருட்டுப் பிடிக்க ஒரு ஹால். வடிவமைத்த ஆர்தர் டேவிஸ் லண்டன் ரிட்ஸ் ஓட்டலைக் கட்டிய இரட்டையரில் ஒருவர். பயணிக்குத் தான் கப்பலில் இருப்பதே மறந்துபோக வேண்டும், அதுதான் அவர்கள் கேட்பது என்று அவரே பிற்பாடு விளக்கியிருக்கிறார். ஆக, இந்தக் கப்பல்கள் ஒவ்வொன்றும் இரண்டு கப்பல். கீழே எஞ்சினீயர் கட்டிய கப்பல், மேலே டெகரேட்டர் கட்டிய ஓட்டல். என் விமர்சனமே இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த பேரத்தைப் பற்றித்தான்.

முதலில் கீழே போவோம். பாராட்ட வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

1897-ல் விக்டோரியா ராணியின் வைரவிழாவுக்குப் பிரிட்டிஷ் கடற்படை அணிவகுத்து நின்றபோது, அழைப்பில்லாமல் ஒரு சின்னப் படகு உள்ளே புகுந்து சீறிக்கொண்டு ஓடியது. பெயர் டர்பினியா. அதன் வேகம் 34 நாட். துரத்திய கடற்படைப் படகுகளால் பிடிக்க முடியவில்லை. ஓட்டிக் காட்டியவர் சார்லஸ் பார்சன்ஸ், நீராவி டர்பைனைக் கண்டுபிடித்தவர். பத்தே வருஷத்தில் அவருடைய டர்பைன் சுமார் 70,000 குதிரை சக்தியோடு மாரிடேனியாவின் வயிற்றில் உட்கார்ந்துவிட்டது. பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கிற பழைய எஞ்சினுக்குப் பதில், நீராவியே நேராகச் சக்கரத்தைச் சுழற்றியது. 1909-ல் அட்லாண்டிக்கை மேற்கு நோக்கி மிக வேகமாகக் கடந்த பெருமையைப் பிடித்த மாரிடேனியா, 1929 வரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இருபது வருஷம்! ஒரு கம்ப்யூட்டரை இருபது வருஷம் விட்டுவையுங்கள் பார்க்கலாம்.

பெல்ஃபாஸ்ட்டில் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கட்டிய ஒலிம்பிக்கும் டைட்டானிக்கும் இன்னும் பெரியவை, நீளம் 269 மீட்டர். வெல்டிங் இன்னும் கப்பலுக்கு வராத காலம். இரும்புத் தகட்டை இரும்புத் தகட்டோடு சேர்க்க ஒரே வழி ரிவெட். டைட்டானிக்கில் சுமார் 30 லட்சம் ரிவெட். ஒரு பையன் உலையில் பழுக்கக் காய்ச்சுவான், இன்னொருவன் பிடித்துத் துளையில் வைப்பான், ஓர் ஆள் உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்க, இரண்டு பேர் வெளியே மாறி மாறிச் சம்மட்டியால் அடிப்பார்கள். கூலி ரிவெட் கணக்கில். காது போய்விடும், அதற்குக் கூலி கிடையாது. டைட்டானிக் கட்டி முடிவதற்குள் எட்டுப் பேர் செத்தார்கள்.

கப்பலின் நடுப்பகுதியில் ஹைட்ராலிக் இயந்திரம் ரிவெட் அடித்தது. மூக்கும் வாலும் வளைந்த இடங்கள், இயந்திரம் நுழையாது. அங்கே மட்டும் கையால், எஃகுக்குப் பதில் தேனிரும்பு ரிவெட். கடலடியிலிருந்து எடுத்துவந்த ரிவெட்டுகளைச் சோதித்த உலோக நிபுணர்கள் சிலர், அவற்றில் கசடு அதிகம் என்கிறார்கள். மற்றவர்கள் மறுக்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்கு ரிவெட்டை விட வரைபடத்தின் மீதுதான் வழக்கு.

டைட்டானிக்கின் வயிற்றைக் குறுக்கே பதினைந்து தடுப்புச் சுவர்கள் பதினாறு அறையாகப் பிரித்தன. எந்த இரண்டு அறையில் தண்ணீர் புகுந்தாலும் மிதக்கும். முன்பக்க அறைகள் நாலு நிறைந்தாலும் மிதக்கும். அன்றைய சட்டம் கேட்டதற்கு மேலேயே செய்திருந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். சிக்கல் சுவரின் உயரத்தில். நடுப்பகுதியில் அவை 'ஈ' தளத்தோடு நின்றுவிட்டன. தண்ணீர் மட்டத்துக்கு மேலே ரொம்ப உயரமில்லை. வீட்டில் பணியாரச் சட்டி இருந்தால் எடுத்துக் குழிகளில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். முதல் குழி வழிந்து அடுத்த குழிக்கு, அது வழிந்து அதற்கடுத்ததற்கு. 1912 ஏப்ரல் 14 ராத்திரி பனிப்பாறை உரசி ஐந்துக்கு மேற்பட்ட அறைகளில் தண்ணீர் புகுந்தபோது நடந்தது இதுதான்.

சுவரை இன்னும் உயர்த்தியிருக்கலாமே? உயர்த்தினால் மேலே உள்ள சாப்பாட்டு ஹாலையும் தாழ்வாரத்தையும் அது வெட்டிக்கொண்டு போகும். ஐந்து தளம் தாண்டி இறங்குகிற மரப்படிக்கட்டு, மேலே கண்ணாடிக் கவிகை என்று கனவு காண்கிறவர்களுக்கு நடுவே ஓர் இரும்புச் சுவர் வந்தால் பிடிக்குமா? ஓட்டலில் சுவர் இடிக்கும், கப்பலில் சுவர் காக்கும். ஜெயித்தது ஓட்டல்.

'அந்தக் காலத்தில் யாருக்கு சார் இதெல்லாம் தெரியும்?' என்பீர்கள். தெரியும். ஐம்பது வருஷம் முன்னாலேயே தெரியும். இஸம்பார்ட் புரூனல் கட்டிய கிரேட் ஈஸ்டர்ன் 1858-ல் தண்ணீரில் இறங்கியது. பக்கவாட்டிலும் இரட்டைத் தோல், உயரமான தடுப்புச் சுவர்கள். 1862-ல் நியூயார்க் அருகே ஒரு பாறை அதன் அடிவயிற்றை சுமார் 25 மீட்டர் நீளத்துக்குக் கிழித்தது. வெளித்தோல் போனது, உள்தோல் தாங்கியது. பயணிகளோடு பத்திரமாகத் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. ஆனால் பயணிகள் கப்பலாக அது நஷ்டக் கணக்கு. பிற்பாடு கடலடித் தந்திக் கம்பி போடப் போய்விட்டது. 1870-ல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கம்பி போட்டதுகூட அதுதான். அடுத்து வந்தவர்கள் இந்தக் கதையில் நஷ்டத்தை மட்டும் படித்தார்கள், இரட்டைத் தோலைப் படிக்கவில்லை.

படகு விஷயம் உங்களுக்குத் தெரிந்ததே. கப்பலில் சுமார் 2,200 பேர், இருபது படகில் இடம் 1,178 பேருக்கு. இதிலும் சட்டமீறல் இல்லை என்பதுதான் வேதனை. பத்தாயிரம் டன்னுக்கு மேல் போனால் பதினாறு படகு போதும் என்று விதி. டைட்டானிக்கோ 46,000 டன். இன்னும் நிறையப் படகு தொங்கவிடுகிற மாதிரி தூக்கு இயந்திரங்களுக்குத் திட்டம் போட்டுக் காட்டியதாக, வடிவமைப்பில் பங்கெடுத்த அலெக்ஸாண்டர் கார்லைல் விசாரணையில் சொன்னார். கருவி வந்தது, படகு வரவில்லை.

அந்தப் படகுகளும் எங்கே இருந்தன? மேல் தளத்தில், முதல், இரண்டாம் வகுப்புக்காரர்கள் உலாவுகிற இடத்தில். மூன்றாம் வகுப்பிலிருந்து அங்கே போக நேர்வழி கிடையாது. அடுத்தவர் தாழ்வாரங்களைத் தேடிக் கண்டுபிடித்து ஏற வேண்டும். முதல் வகுப்பில் நூற்றுக்கு 62 பேர் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் 25. யாரும் வேண்டுமென்று பாரபட்சம் காட்டவில்லை என்றது பிரிட்டிஷ் விசாரணை. சரியாகவே இருக்கலாம். தனியாக ஒருவர் பாரபட்சம் காட்ட வேண்டிய அவசியமே இல்லையே. வரைபடமே போதும்.

கூனார்ட் மட்டும் யோக்கியமா? லூசிடானியாவும் மாரிடேனியாவும் கட்ட பிரிட்டிஷ் அரசு 26 லட்சம் பவுன் கடன் கொடுத்தது. வட்டி 2.75 சதவிகிதம். பதிலுக்கு, யுத்தம் வந்தால் போர்க்கப்பலாக மாற்ற வசதி வேண்டும் என்றது. அதனால் நிலக்கரி அறைகளைப் பக்கவாட்டில் நெடுக வைத்தார்கள், எதிரியின் குண்டை நிலக்கரி தாங்குமாம். 1915 மே 7-ம் தேதி வந்தது குண்டல்ல, டார்பிடோ. ஒரு பக்கத்து அறைகளில் மட்டும் தண்ணீர் நிறைய, கப்பல் அந்தப் பக்கமே சாய்ந்தது. சாய்ந்த கப்பலில் படகு இறக்க முடியுமா? 48 படகில் ஆறுதான் ஒழுங்காக இறங்கின. பதினெட்டு நிமிஷத்தில் கதை முடிந்தது. கிட்டத்தட்ட 1,200 பேர்.

ஜெர்மன்காரர்கள் கதையோ காமெடி. 1913-ல் வந்த இம்பராட்டரில் பளிங்குக் குளியலறை, பாம்பேய் பாணியில் நீச்சல்குளம், மூக்கில் ஒரு மகா கழுகுச் சிலை. எல்லா கனமும் மேலே. தஞ்சாவூர் பொம்மை ஏன் விழுவதில்லை? கனம் அடியில் இருப்பதால். இம்பராட்டர் தலைகீழ் தஞ்சாவூர் பொம்மை. ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர யோசித்தது. கடைசியில் புகைபோக்கிகளைக் குட்டையாக்கி, கனமான சாமான்களை மாற்றி, அடியில் இரண்டாயிரம் டன் சிமென்டைக் கொட்டினார்கள். கழுகின் இறக்கைகளை அட்லாண்டிக் அலையே ஒடித்துவிட்டது. அதைவிடக் கூர்மையான விமர்சகர் யார்?

டைட்டானிக்குக்குப் பிறகு ஒலிம்பிக்கைத் திரும்ப பெல்ஃபாஸ்ட்டுக்குக் கொண்டுபோய் சுவர்களை உயர்த்தினார்கள், உள்ளே இன்னொரு தோல் போட்டார்கள், எல்லோருக்கும் படகு வைத்தார்கள். எல்லாம் ஒரே குளிர்காலத்தில் முடிந்தது. முடியாத காரியமல்ல, முதலிலேயே யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். தங்கைக் கப்பல் பிரிட்டானிக் 1916-ல் கண்ணிவெடியில் சிக்கி 55 நிமிஷத்தில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் இறந்தது 30 பேர். போதுமான படகு என்பதன் அர்த்தம் இந்த எண்ணில் இருக்கிறது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்கு முதல் மார்க். ரிவெட் அடித்த கைகளுக்கு ஒரு கும்பிடு: ஒலிம்பிக் 24 வருஷம் ஓடியது, 1918-ல் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை முட்டியே மூழ்கடித்தது. வரைபடம் மட்டும் ஃபெயில். அறிவு போதாததால் அல்ல; போஸ்டரில் தெரிகிற விஷயத்துக்குக் கிடைத்த இடமும் பணமும் தெரியாத விஷயத்துக்குக் கிடைக்கவில்லை. படிக்கட்டு தெரியும், தடுப்புச் சுவர் தெரியாது. 1935-ல் ஒலிம்பிக்கை உடைக்க அனுப்பியபோது, அதன் மரவேலைப்பாடுகளை இங்கிலாந்தில் ஆல்னிக் என்ற ஊரின் ஓட்டல் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டது. ஓட்டல் ஓட்டலுக்கே போய்ச் சேர்ந்தது!

நாலாவது புகைபோக்கி மட்டும் சாகவில்லை. 1998-ல் வந்த டிஸ்னி மேஜிக் கப்பலுக்கு இரண்டு புகைபோக்கி, முன்னால் இருப்பது டம்மி. அட, கப்பல் வரை எதற்குப் போகணும்? ஃப்ளாட் வாங்கப் போகிறோம். லாபியில் கிரானைட், முகப்பில் ரோமானியத் தூண், வாசலில் செயற்கை நீரூற்று. பார்த்ததும் அட்வான்ஸ் கொடுக்கக் கை துறுதுறுக்கிறது. கொடுங்கள். அதற்கு முன் பில்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். இரண்டாவது படிக்கட்டு எங்கே போய் முடிகிறது? மொட்டை மாடிக் கதவின் சாவி ராத்திரியில் யாரிடம் இருக்கும்?