அந்தப் பதினைந்து நிமிடம்

கால்பந்துப் படம் பார்த்துக் கண் கலங்கியவர்களிடம் காரணம் கேட்டால், கடைசி நிமிட கோல் என்பார்கள். ஸ்லோமோஷன், பின்னணி இசை, குலுங்கும் வலை. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நடுராத்திரி விழித்திருந்து ஆட்டம் பார்க்கிற நமக்குத் தெரியும், சினிமாவில் ஆடப்படுவது எவ்வளவு மோசமான ஆட்டம் என்று. பின்கள வீரர்கள் நட்டுவைத்த கம்பம்போல நிற்பார்கள். நாயகன் பந்தைத் தோதாக நிறுத்தி அடிக்கும்வரை ஒருவரும் டேக்கிளுக்கு வரமாட்டார்கள். சிரிக்க வேண்டிய நாம் ஏன் கர்ச்சீப்பைத் தேடுகிறோம்?

ஜான் ஹூஸ்டன் இயக்கி 1981-ல் வந்த 'எஸ்கேப் டு விக்டரி'யை எடுத்துக்கொள்வோம். நேச நாட்டுப் போர்க்கைதிகளின் அணி, பாரிஸில் ஜெர்மானியரோடு மோதும் கதை. ரசிகர்கள் இன்றும் பேசுவது அந்த பைசிக்கிள் கிக்கை, கடைசி பெனால்டியை. நான் பார்ப்பது அந்தக் கோல்கீப்பரை. ஆட்டக்காரனே அல்ல அவன். முகாமிலிருந்து தப்பிப்பது ஒன்றே குறி. அவனைத் தனிச்சிறையிலிருந்து அணிக்குள் கொண்டுவர, உண்மையான கோல்கீப்பர் தன் கையைக் கூட்டாளிகளே உடைக்கச் சம்மதித்து நீட்டுகிறான். அந்தக் கையின் விலையில்தான் இவன் கம்பங்களுக்கு நடுவே நிற்கிறான்.

இடைவேளை வருகிறது. டிரெஸ்ஸிங் ரூம் தரைக்கடியில் சுரங்கம் தயார். இறங்கினால் விடுதலை. அணியோ பின்தங்கிக் கிடக்கிறது, நடுவரும் அவர்கள் பக்கம் இல்லை. ஆனாலும் சக வீரர்கள், ஜெயிக்க முடியும், திரும்பிப் போகலாம் என்கிறார்கள். தப்பிப்பதற்காகவே வந்தவன் முரண்டு பிடிக்கிறான். பிறகு அவனும் மைதானத்துக்கு ஏறி வருகிறான். என் தொண்டை அடைப்பது அங்கேதான். பெனால்டியைப் பிடிக்கும்போது அல்ல. அது ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு வந்த வட்டி.

இன்னொன்று: அந்த ஆட்டத்தில் அவர்கள் ஜெயிக்கவே இல்லை. சமன்தான். வெற்றிதான் அழவைக்கிறது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? இந்தக் கதைக்கு மூத்தது, ஹங்கேரியில் ஸோல்டான் ஃபாப்ரி 1961-ல் எடுத்த படம். அதில் கைதிகள் ஜெயிக்கிறார்கள். ஜெயித்த மைதானத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். ஒன்றில் வெற்றி இல்லை, மற்றதில் வெற்றிக்குப் பிறகு உயிர் இல்லை. இரண்டிலும் பொது, இரண்டாம் பாதிக்குத் திரும்பி வந்ததுதான்.

இதற்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கபடியில் டைம் அவுட் கேட்கலாம். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் கூடிப் பேசலாம். கால்பந்தில் பயிற்சியாளர் கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்த முடியாது. விதிப்படி அதிகபட்சம் 15 நிமிட இடைவேளை. பதினொரு பேரும் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அப்போது மட்டும்தான். அதன்பின் அவரவர் கால், அவரவர் முடிவு. இடைவேளையில் கதை திரும்புவதைப் பார்த்துப் பழகிய நம் ஊர் சினிமா ரசிகனுக்கு இதைவிடத் தோதான விளையாட்டு எது?

நிஜத்திலும் இதுதான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்தில் நம் தடுப்பாட்டக்காரர் ஒருவர் தலையில் தையலோடு திரும்பி வந்தார். பந்தைத் தலையால் முட்ட முடியாதவரைப் பயிற்சியாளர் முன்களத்துக்கு அனுப்பினார். இறுதி ஆட்டத்தில் அவர் கோலும் போட்டார். அந்தக் கோலை மறந்தாலும் அந்தத் தலைக்கட்டை மறக்க முடியுமா?

ஆகவே சில கணிப்புகள். ஸ்ட்ரைக்கரை நாயகனாக்கும் படங்கள் இனி சலிக்கும். அடுத்த நல்ல படம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுடையது. விஏஆர் எனும் வீடியோ நடுவர் முறையும் திரைக்கு வந்தே தீரும்: கோல் போட்டுவிட்டு ஓடுகிறவனின் உயர்ந்த கை, நடுவர் காதைப் பொத்தியதும் மெல்ல இறங்கும், அந்த இரண்டு நிமிடத்தைச் சரியாக எடுக்கத் தெரிந்த இயக்குநர் அரங்கையே அழவைப்பார். அப்போதும் பத்திரிகைகள் கிளைமாக்ஸ் கோலைத்தான் கொண்டாடும், பந்தயம் கட்டுகிறேன்.

கோல்கீப்பர் கட்சிக்காரன் இப்படித்தான் பேசுவான் என்பீர்கள். இருக்கட்டும். அடுத்த கால்பந்துப் படத்துக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். கோல் விழும் நேரத்தை விடுங்கள். இடைவேளை முடிந்து வீரர்கள் வெளியே வரும்போது, கடைசியாக வருகிறவனைப் பாருங்கள்.