பனியனில் கவிவாணர்

குன்னத்தூர் பக்கத்து பிரிண்டிங் பட்டறைகளில் தமிழ் வாசகம் போட்ட டி-சர்ட் ஆர்டர் வந்தால், கை தானாகப் போவது பாமினி மாதிரியான பழைய டிடிபி எழுத்துருவுக்குத்தான். கோயில் திருவிழா, கபடிக் குழு, காலேஜ் பேட்ச் எல்லாவற்றுக்கும் ஒரே முகம். அதை மாற்றத்தான் கவிவாணர் என்ற எழுத்துருவை இறக்கிப் பார்த்தேன். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம்.

வலப்பக்கம் சாய்ந்த, பேனா ஓட்டம் தெரியும் எழுத்து. ஆங்கிலக் கையெழுத்து ஃபான்ட்களில் எழுத்துகள் கைகோத்துக்கொண்டு போகும். தமிழ் எழுத்து தனித்தனியே நிற்கும். அந்த இயல்பைக் கெடுக்காமல் சாய்விலும் வளைவிலுமே கையெழுத்தைக் கொண்டுவந்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. 'குன்னத்தூர்' என்று அடித்து, கறுப்பு சிங்கிள் ஜெர்சியில் மார்பு அகலத்துக்கு வெள்ளை மையில் அச்சிட்டுப் பார்த்தோம். 'கு'வின் சுற்றும் 'தூ'வின் வாலும் சேர்ந்து ஊர்ப்பெயருக்கு ஒரு நடையைக் கொடுத்துவிட்டன.

சிறிதாக்கினால் கதை வேறு. 'ண'வின் சுழிகளைப் பாருங்கள். பின்னல் துணியில் மை பரவும்; ஸ்கிரீனை எடுத்ததும் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. கனம் ஒன்றே ஒன்றுதான் என்பது இதன் பெரிய குறை. கோடு போதவில்லையே என்று அவுட்லைன் சேர்த்துத் தடிப்பாக்கினால் சுழி இன்னும் சீக்கிரம் மூடும். எம்பிராய்டரிக்கு அதைவிடச் சிரமம்: மெல்லிய கோடுகள் துணிக்குள் அமுங்கும், புள்ளி நூல் முடிச்சாகத் திரளும். கழுத்து லேபிளுக்கு இதைத் தொடவே வேண்டாம். துணை வரிகளுக்கு பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரான் எழுத்துருவை வைத்தேன். நேராக நிற்கும் எழுத்து, ஒன்பது கனங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

கவிவாணர் யூனிகோடு எழுத்துரு. பாமினியில் அடித்து வைத்த பழைய பைலில் ஃபான்ட்டை மட்டும் மாற்றினால் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். பிலிம் போடுமுன் எல்லாவற்றையும் கர்வ் ஆக்கி, கொம்பையும் புள்ளியையும் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிடுங்கள். மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு திருத்த முடியாது.

ஏற்றுமதிக்காரர்கள் கவனிக்க வேண்டியது உரிமம். நெட்டில் கிடைக்கும் அழகான கையெழுத்து ஃபான்ட்கள் பல, சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வருபவை. கவிவாணர் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானது. டி-சர்ட்டில் அச்சிட்டுத் தாராளமாக விற்கலாம். எழுத்துருவை மட்டும் தனிச்சரக்காக விற்கக் கூடாது.

மார்பிலோ முதுகிலோ இரண்டு மூன்று சொல் பெரிதாகப் போட வேண்டுமென்றால் தயங்காமல் எடுங்கள். பத்தி பத்தியாக வாசகம் கேட்கும் கஸ்டமருக்கு வேண்டாம். தடித்த கனம் ஒன்று வந்தால் எம்பிராய்டரி மெஷினிலும் முதல் ஆளாக ஓட்டிப் பார்ப்பேன்.